விரல் வெட்டுப்பட்டால்: கட்டிங் செக்‌ஷனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் செக்‌ஷனில் 22 வருஷம் வேலை பார்த்தவன் நான். லே போடுவதில் (வெட்டுவதற்குத் துணியை அடுக்கடுக்காக விரிப்பதில்) தொடங்கி, மெஷின் பிடித்து, கட்டிங் மாஸ்டராகி, இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லித் தருகிறேன். என் இடது கை நடுவிரலில் நகக் கணு இல்லை. அதைப் பார்த்துத்தான் பலர் பேச்சையே ஆரம்பிப்பார்கள். டீக்கடையிலும் பஸ்ஸிலும் ராத்திரி போனிலுமாக என்னிடம் கேட்கப்பட்டதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போய்ச் சேரும் வரைக்கும், அங்கிருந்து வந்த பிறகும் நம் கையில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். வெட்டு விழ ஒரு நொடி போதும். அந்தக் கை பிறகு எப்படி இருக்கப்போகிறது என்பது அடுத்த சில மணி நேரத்தில் முடிவாகிவிடும்.

உங்களுக்கு எப்படி ஆச்சுங்கண்ணா?

ஏற்றுமதி ஆர்டர். மறுநாள் சரக்கு போக வேண்டும். வெள்ளை சிங்கிள் ஜெர்சித் துணி, நூறு லேயருக்குப் பக்கம். எல்லாம் வெட்டி முடித்து, லேயின் ஓரத்தில் ஒரே ஒரு சின்னப் பீஸ் பாக்கி. கடைசிப் பீஸ் எப்போதுமே அகலம் குறைவு, பிடிக்க இடம் இருக்காது. எஃகு வளையங்களால் பின்னிய ஸ்டீல் கிளவுஸ் டியூப்லைட் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு எட்டு வைத்திருந்தால் எடுத்திருக்கலாம். வெறும் இடது கையால் துணியை அமுக்கிக்கொண்டு வலது கையால் மெஷினைத் தள்ளினேன்.

வலி முதலில் தெரியவில்லை. துணி திடீரென்று இளகின மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் மேல் லேயரில் காசு அளவுக்குச் சிவப்பு. அது விரிந்துகொண்டே போனது. பிறகு லேயைப் பிரித்தவர்கள் சொன்னார்கள், முப்பது லேயர் கீழே வரை ரத்தம் இறங்கியிருந்ததாம்.

துண்டான நுனியை ஒரு பையன் எடுத்துக்கொண்டு ஓடி, பேக்கரியில் ஐஸ் வாங்கி, டீ கிளாஸில் ஐஸோடு ஐஸாகப் போட்டுக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெழுகு மாதிரி வெளுத்து விறைத்துக் கிடந்தது. ஐஸ் நேராகப் பட்டு உள்ளே செத்துவிட்டது, இனிமேல் வைக்க முடியாது என்றார். பதறி ஓடி உதவி செய்தவன் அவன். அவனிடம் இன்று வரை நான் அதைச் சொன்னதில்லை.

அப்படியானால் துண்டான விரலை எப்படித்தான் எடுத்துப் போவது?

இதை மட்டுமாவது எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

துண்டின் மேல் நூல், தூசி ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசலாம். தேய்க்கக் கூடாது. டெட்டால், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியையோ முதலுதவிப் பெட்டியில் இருக்கும் காஸ் துணியையோ நனைத்துப் பிழிந்து, ஈரப்பதமாக, அதில் துண்டைச் சுற்றுங்கள். சுற்றியதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தண்ணீர் புகாதபடி வாயை இறுக்கிக் கட்டுங்கள். பிறகு இன்னொரு கவரிலோ டிபன் பாக்ஸிலோ தண்ணீரும் ஐஸும் கலந்து, கட்டிய கவரை அதற்குள் வையுங்கள். விரலுக்குக் குளிர்ச்சி போய்ச் சேர வேண்டும், ஐஸ் போய்ச் சேரக் கூடாது. தண்ணீருக்குள் நேராகப் போட்டாலும் ஊறிக் கெட்டுவிடும். பாலில் போடச் சொல்கிறவர்கள் உண்டு, அதுவும் வேண்டாம்.

ஐஸ் கிடைக்கவில்லையா? ஈரத் துணியில் சுற்றி, கவரில் கட்டி, கிளம்பிவிடுங்கள். ஐஸ் தேடி அரை மணி நேரம் அலைய வேண்டாம்.

துண்டு நசுங்கியிருக்கிறது, எதற்கும் ஆகாது என்று நீங்களாக முடிவு செய்து விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒட்டவைக்க முடியாத விரலிலிருந்துகூட தோலை எடுத்துக் காயத்தை மூடப் பயன்படுத்துவார்கள். கட்டிங் டேபிளுக்கு அடியில், வேஸ்ட் மூட்டைக்குள் தேடியாவது எடுத்து வாருங்கள்.

வெட்டுப்பட்ட கையை என்ன செய்வது?

மெஷினை நிறுத்துங்கள். ஆளைக் கீழே உட்கார வையுங்கள், ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்து மண்டையில் அடிபட்டவர்கள் உண்டு. மோதிரம் இருந்தால் உடனே கழற்றுங்கள், வீங்கிவிட்டால் அப்புறம் வராது. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து விடாமல் அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து பார்க்காதீர்கள். முழுசாகப் பத்து நிமிஷம் அழுத்தினால் விரல் காயம் பெரும்பாலும் அடங்கிவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி.

நம் ஆட்கள் செய்கிற பெரிய தப்பு, விரலின் அடியில் ரப்பர் பேண்டோ பனியன் நூலோ போட்டு இறுக்கிக் கட்டுவது. மேலே கட்டுப் போட்டபின் அந்த ரப்பர் உள்ளே இருப்பதையே மறந்துவிடுவார்கள், மிச்ச விரலும் கறுத்துப்போகும். மணிக்கட்டிலோ முன்கையிலோ ரத்தம் பீய்ச்சி அடித்து, எவ்வளவு அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மட்டும் அகலமான துணியால் மேல்கையில் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைப் பேனாவால் கையிலேயே எழுதிவிடுங்கள். 108-ஐக் கூப்பிடும்போதே விரல் துண்டானதைச் சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றில் வைத்திருங்கள், டீ, தண்ணீர்கூட வேண்டாம். உடனே மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம்.

பிளேடோ ஊசியோ உள்ளே குத்தி நின்றுகொண்டிருந்தால் பிடுங்காதீர்கள்.

விரல் முழுசாப் போகல, தோல்ல தொங்குதுங்க. வெட்டி எடுத்துடலாமா?

வேண்டவே வேண்டாம். அந்தத் தோல் வழியாக ஒரு மெல்லிய ரத்தக்குழாய் ஓடிக்கொண்டிருக்கலாம், அது டாக்டருக்குப் பெரிய உதவி. முறுக்கிக்கொள்ளாமல் நேராக வைத்து, ஈரத் துணி சுற்றி, அடியில் மார்க்கர் அட்டையை மடித்துப் பட்டை மாதிரி வைத்துக் கட்டுங்கள்.

எவ்வளவு நேரத்துக்குள் போகணும்? எங்கே போகணும்?

விரலில் தசை கிடையாது. எலும்பு, தோல், குழாய்கள், நரம்புகள், இழுக்கும் நாண்கள், அவ்வளவுதான். ரத்தம் இல்லாமல் முதலில் சாவது தசை. அதனால் விரல் மட்டும் போயிருந்தால் குளிர்ச்சி இல்லாமலே ஏறத்தாழ 12 மணி நேரம், சரியாகக் குளிர்ச்சியில் வைத்தால் 24 மணி நேரம் வரைகூடத் தாங்கும் என்கிறார்கள். மணிக்கட்டுக்கு மேலே போய்விட்டால் கதை வேறு. தசை இருப்பதால் 6 மணி நேரத்துக்குள் ரத்தம் ஓட வைத்தாக வேண்டும். இந்த நேரமெல்லாம் கடைசி எல்லை. நீங்கள் வாசலில் இறங்கியதும் ஆபரேஷன் தொடங்கிவிடாது, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிய வேண்டும்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் தையல் போட்டுவிட்டு மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் நம் ஊரில் விரல்களைத் தொலைக்கிற வழி. ரத்தத்தை அடக்கிக் கட்டுப் போட மட்டும் அங்கே நில்லுங்கள். பிறகு, மைக்ரோஸ்கோப் வைத்து ரத்தக்குழாய் தைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு இருக்கிற இடத்துக்குப் போங்கள். கிளம்பும்போதே போன் செய்து, ஆள் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பது இந்த விஷயத்தில் நமக்கு ஒரு கொடுப்பினை. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி மருத்துவமனைக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு நாண்களை இடம் மாற்றித் தைத்து மறுபடி வேலை செய்ய வைத்தார். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே தனித் துறையை உருவாக்கினார், அங்கே இன்றும் கை அறுவைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. நமக்கு 50 கிலோமீட்டர் தள்ளிக் கோவையில் கங்கா மருத்துவமனை, துண்டான கைகளை ஒட்டவைப்பதில் உலக அளவில் பேசப்படுகிற இடம். மில்லும் பட்டறையும் நிறைந்த ஊர்ப்பக்கம் இப்படி இடங்கள் வளர்ந்ததற்கு, வெட்டுப்பட்டு வந்த நம்மைப் போன்றவர்களும் ஒரு காரணம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எந்த விரலானாலும் ஒட்டவைத்துவிடுவார்களா?

இல்லை. கட்டைவிரல் என்றால் எப்பாடுபட்டாவது முயல்வார்கள், பிடிமானத்தில் பாதி அதுதான். ஒரே நேரத்தில் பல விரல்கள், குழந்தையின் விரல், உள்ளங்கையோடு போனது, இவற்றுக்கும் முயல்வார்கள். ஒற்றை விரல், அதுவும் நசுங்கியது என்றால் ஒட்டவைத்தும் மடங்காத விரலாக நின்று மற்ற விரல்களுக்கு இடைஞ்சல் செய்யலாம். சில சமயம் மூடித் தைத்துவிடுவதே நல்லது என்று டாக்டர் சொல்வார். அதைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டைவிரலே இல்லாமல் போனாலும் கால் விரலை எடுத்துக் கையில் வைக்கும் ஆபரேஷன் இருக்கிறது.

எலும்பு தெரியாமல் நுனிச் சதை மட்டும் போயிருந்தால் சரியான டிரெஸ்ஸிங்கிலேயே சில வாரங்களில் அது வளர்ந்து மூடிக்கொள்ளும்.

ஒட்டவைத்த பிறகு பீடி, சிகரெட், புகையிலை எதுவும் கூடாது. பக்கத்தில் இருப்பவரும் புகைக்கக் கூடாது. தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்த குழாய் அது, புகையிலை அதைச் சுருங்க வைத்து அடைத்துவிடும். ஐந்து மணி நேர ஆபரேஷனை ஒரு பீடி வீணாக்கிவிடும்.

சின்ன வெட்டுதான், தையல் போட்டாச்சு. ஆனா விரல் மடங்க மாட்டேங்குது. சரியாயிடுமா?

என்னிடம் வரும் கேள்விகளில் மனசை அதிகம் கஷ்டப்படுத்துவது இதுதான். பெரும்பாலும் மூன்று வாரம் கழித்துத்தான் கேட்பார்கள்.

நாம் எல்லாவற்றையும் "நரம்பு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். "நரம்பு கட்டாயிடுச்சு" என்றால் மூன்றில் எது என்று தெரியாது. ரத்தம் ஓடும் குழாய் ஒன்று. தொட்டால் தெரிய வைக்கும் உணர்வு நரம்பு ஒன்று. விரலை இழுத்து மடக்கும் கயிறு மாதிரியான தசைநாண் ஒன்று. விரலின் உள்பக்கத்தில் ஒரு விரலுக்கு இரண்டு நாண்கள், ஒன்று நடுக்கணுவை மடக்கும், இன்னொன்று நுனிக்கணுவை. கட்டைவிரலுக்கு மட்டும் ஒன்று. உணர்வு நரம்பும் குழாயும் விரலின் இரண்டு ஓரத்திலும் சேர்ந்தே ஓடுகின்றன. வெளியே அரை இஞ்ச் கோடு மாதிரித் தெரியும் வெட்டுக்குள் இவை எல்லாமே அறுந்திருக்கலாம். கட்டிங் மெஷின் பிளேடு அவ்வளவு கூர்மை, ரத்தம்கூட அதிகம் வராது.

அதனால் எவ்வளவு சின்ன வெட்டானாலும் தையல் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள். நடுக்கணுவை மட்டும் பிடித்துக்கொண்டு நுனிக்கணுவைத் தானாக மடக்கச் சொல்லுங்கள். பிறகு மற்ற விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு அடிபட்ட விரலின் நடுக்கணுவை மடக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியின் இரண்டு ஓரத்தையும் பஞ்சால் தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். ஒன்று இல்லையென்றாலும் கை ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் அன்றைக்கே போக வேண்டும். அறுந்த நாண் ரப்பர் மாதிரி உள்ளங்கைக்குள் சுருங்கிப் போய்விடும். நாள் ஆக ஆக இழுத்துத் தைப்பது கஷ்டம்.

தைத்த பிறகு ஏறத்தாழ 6 வாரம் பட்டை போட்டிருக்க வேண்டும், பாரம் தூக்க 3 மாதம் ஆகும். இடையில் பிசியோதெரபி. ஆபரேஷனில் பாதி வேலைதான் நடக்கிறது, மீதி அந்தப் பயிற்சியில். சம்பளம் போகிறதென்று பாதியில் நிறுத்தி, விரல் கட்டையாக நின்றுபோனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உணர்வு நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். விரல் நுனிக்கு உணர்ச்சி வர மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை சூடான டம்ளரைக்கூடப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

காபித்தூள், மஞ்சள் வைக்கலாமா?

வேண்டாம். ரத்தம் நிற்பது அழுத்துவதால். தூளை வைத்தால் அதைச் சுரண்டி எடுக்கவே டாக்டருக்கு நேரம் போகும், சீழும் பிடிக்கும்.

டி.டி (டெட்டனஸ்) ஊசி ஒவ்வொரு தடவையும் போடணுமா?

முழுத் தவணையும் போட்டவர் என்றால், சுத்தமான சின்னக் காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு 10 வருஷம் தாண்டியிருந்தால் போட வேண்டும். அழுக்கு, மண், துரு பட்ட காயத்துக்கு 5 வருஷம். எப்போது போட்டோம் என்றே தெரியாதவர்கள் அதையே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஸ்டீல் கிளவுஸ் போட்டா கை ஓட மாட்டேங்குதுண்ணா. பீஸ் ரேட்ல எப்படி கட்டுப்படியாகும்?

இந்தக் கேள்வியை அலட்சியமாக ஒதுக்குகிற, கம்பெனியில் பாதுகாப்பைச் சோதிக்க வரும் ஆடிட்டர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கை ஓடாதது உண்மை. புதுக் கிளவுஸ் முதல் ஒரு வாரம் சங்கடமாகத்தான் இருக்கும். பெரிய சைஸ் கிளவுஸை எல்லோருக்கும் பொதுவாகத் தொங்கவிட்டால் யாருக்கும் பொருந்தாது. ஆளுக்கு ஒன்று, அவரவர் கை அளவில், உள்ளே மெல்லிய பருத்திக் கிளவுஸோடு கொடுத்தால் இரண்டு வாரத்தில் பழகிவிடும். இதை வாங்கித் தருவது கம்பெனியின் கடமை, அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

துணி நிற்க, நாம் கையால் தள்ளிப் போகும் நேர் கத்தி மெஷினில் துணியை அமுக்கும் கைக்குக் கிளவுஸ், வலக்கைக்காரர்களுக்கு அது இடது கை. பேண்ட் நைஃப் மெஷினில் பிளேடு ஒரே இடத்தில் ஓடுகிறது, துணியை நாம்தான் இரண்டு கையாலும் தள்ளுகிறோம். அதனால் இரண்டு கைக்கும் வேண்டும். வளையம் அறுந்து ஓட்டை விழுந்த கிளவுஸை நூலால் கட்டிப் பயன்படுத்தாதீர்கள், சரியாக அந்த ஓட்டையில்தான் பிளேடு நுழையும்.

துணிக் கிளவுஸ் மாதிரி இருக்கும் வெட்டுத் தாங்கும் கிளவுஸ், கத்தி, கத்தரி, பிளேடு மாற்றும் வேலைக்கு நல்லது. அதில் ஈ.என் 388 என்ற ஐரோப்பியத் தர முத்திரைக்குக் கீழே ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து இருக்கும், எஃப் தான் உச்சம். ஓடும் மெஷினை அது தாங்கும் என்று நம்பாதீர்கள்.

டிரில்லிங் மெஷின், லேத், பல் வைத்த ரம்பம் ஆகியவற்றில் எந்தக் கிளவுஸும் போடாதீர்கள். சுற்றும் பாகம் கிளவுஸைக் கவ்வினால் கையையே இழுத்துக்கொள்ளும்.

கிளவுஸ் தவிர வேறென்ன பார்க்கணும்?

நேர் கத்தி நிமிஷத்துக்கு ஏறத்தாழ 3000 தடவை ஏறி இறங்குகிறது. பிளேடுக்கு முன்னால் கையைத் தடுக்கும் கார்டுக் கம்பியை லே உயரத்துக்குத் தொட்டாற்போல இறக்கிவிட்டுத்தான் மெஷினை நகர்த்த வேண்டும். நான் போய்ப் பார்க்கும் இடங்களில் பாதிப் பேர் அதை உச்சியிலேயே ஏற்றி வைத்திருக்கிறார்கள். பேண்ட் நைஃபிலும் அப்படியே. பிளேடு எவ்வளவு வெளியே தெரிகிறதோ அவ்வளவு ஆபத்து.

நான் பார்த்த காயங்களில் கணிசமானவை வெட்டும்போது நடந்தவை அல்ல. பஞ்சு துடைக்கும்போது, பிளேடு மாற்றும்போது நடந்தவை. பேண்ட் நைஃபை நிறுத்திய பின்னும் பிளேடு சில நொடி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கி உங்கள் கண் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

மழுங்கிய பிளேடு கூரான பிளேடைவிட மோசம். தள்ளுவதற்கு பலம் கூட்டுவோம், திடீரென்று வழுக்கும். கடைசிச் சின்னப் பீஸைக் கையால் பிடிக்காமல் மேலே ஒரு கட்டையோ இரும்புப் பாளமோ வைத்து அமுக்குங்கள். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

வட மாநிலத்திலிருந்து வந்த தம்பிகளுக்கு இதையெல்லாம் இந்தியிலோ ஒடியாவிலோ பேசத் தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்லுங்கள். தலையாட்டுகிறார்கள் என்பதற்காகப் புரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

நான் கார்பென்டர். மார்பிள் கட்டரை டேபிளுக்கு அடியில் தலைகீழா மாட்டி ரம்பமா வச்சிருக்கேன். தப்பா?

தப்புதான் அண்ணா. பட்டறைக்குப் பட்டறை இதைப் பார்க்கிறேன். அப்படி மாட்டுவதற்குக் கார்டைக் கழற்ற வேண்டியிருக்கிறது, ஸ்விட்சை ஆன் செய்த நிலையில் கட்டிவிட வேண்டியிருக்கிறது. கை போனால் நிறுத்த ஸ்விட்ச் எட்டாது. கல் வெட்ட நிமிஷத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் சுற்றும் மெஷின் அது. மரத்தில் முடிச்சு வந்தால் பிளேடு பிடித்துக்கொண்டு பலகையை உங்கள் பக்கம் எறியும், அதைப் பிடித்திருந்த கை பிளேடுக்குள் போகும். ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு மாட்டுவதும் இதே ஆபத்துதான். டேபிள் சா வாங்க வசதி இல்லையென்றால் கை வட்ட ரம்பத்தைக் கார்டோடு நேராகப் பிடித்து வெட்டுங்கள். சின்னத் துண்டைத் தள்ள ஒரு தள்ளுகட்டை செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு அது ஐந்து நிமிஷ வேலை.

வீட்ல கையை வெட்டிக்கிட்டேன்னு ஆஸ்பத்திரில சொல்லச் சொல்றாங்க. செலவெல்லாம் பார்த்துக்கறாங்களாம். என்ன செய்ய?

சொல்லாதீர்கள். நான் சொன்னேன். வீட்டில் கறி வெட்டும்போது பட்டது என்று என் சீட்டில் எழுதியிருக்கிறது. ஆஸ்பத்திரி பில்லைக் கட்டினார்கள், இரண்டாயிரம் ரூபாய் கையில் கொடுத்தார்கள். நானும் நல்லவர்கள் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு வரியால் எனக்கு என்ன போனது என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

ஈ.எஸ்.ஐ-யில், அதாவது சந்தா கட்டும் அரசுத் தொழிலாளர் காப்பீட்டில், நோய்க்கு ஒரு கணக்கு, வேலைக் காயத்துக்கு வேறு கணக்கு. நோய் விடுப்புக்குச் சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள்தான், அதற்கும் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலைக் காயத்துக்கு 90 சதவீதம், கை சரியாகும் வரை நாள் வரம்பு இல்லை, சந்தா நாள் கணக்கும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வெட்டுப்பட்டாலும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, நிரந்தரக் குறைபாடு ஏற்பட்டால் ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். வீட்டில் வெட்டிக்கொண்டவருக்கு இது கிடையாது.

அதனால் அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். நேரம், மெஷின், எந்த விரல், பார்த்தவர் பெயர். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.எஸ்.ஐ-க்கு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டியது முதலாளி. அவர் அனுப்பவில்லையென்றால் கிளை அலுவலகத்துக்கு நீங்களே எழுதிக் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் சீட்டிலேயே "கம்பெனியில் மெஷினில் பட்டது" என்று எழுதச் சொல்லுங்கள். அவசரத்துக்குத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் பில்லையெல்லாம் பத்திரமாக வையுங்கள், விதிப்படி திரும்பக் கேட்கலாம்.

அந்த ஆயுள் பணம் எவ்வளவு வரும்?

எந்த விரல், எத்தனை கணு என்பதற்குச் சட்டத்திலேயே அட்டவணை இருக்கிறது. கட்டைவிரல் முழுசாகப் போனால் 30 சதவீதம், அதன் நுனிக்கணு மட்டும் என்றால் 20. ஆள்காட்டி விரல் முழுசாக 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7. ஒரு கையின் நான்கு விரல்களும் என்றால் 50. எலும்பு போகாத நுனி வெட்டுக்குக்கூட ஆள்காட்டிக்கு 5 சதவீதம் உண்டு. மெடிக்கல் போர்டு பார்த்து முடிவு செய்யும், ஒப்பவில்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சராசரி நாள் சம்பளம் 600 ரூபாய் என்று வையுங்கள். காயத்தால் வேலைக்குப் போகாத நாளுக்கு 540 ரூபாய். இதையே நோய் விடுப்பாகப் போட்டால் 420. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனவருக்கு, அவர் திரும்ப வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினாலும், 540-இல் 14 சதவீதம், நாளுக்கு 75 ரூபாய் 60 காசு, மாதம் 2,268 ரூபாய், உயிரோடு இருக்கும் வரை. நடுவிரலில் ஒரு கணு என்பது 7 சதவீதம், மாதம் 1,134 ரூபாய். அதுதான் நான் வாங்காமல் விட்டது.

எங்களுக்கு ஈ.எஸ்.ஐ இல்லையே?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் தாண்டியவர்களும், 10 பேருக்குக் குறைவான பட்டறைக்காரர்களும் பெரும்பாலும் ஈ.எஸ்.ஐ-க்கு வெளியேதான். அவர்களுக்கு முதலாளியே நஷ்டஈடு தர வேண்டும். 1923-ஆம் வருஷத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலிருந்து வரும் உரிமை இது. 2025 நவம்பர் 21 முதல் அதுவும் ஈ.எஸ்.ஐ சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான ஓர் எண்ணால் பெருக்கி, அதில் விரலுக்கான சதவீதத்தை எடுப்பார்கள். 30 வயதுக்கு அந்த எண் 207.98. சம்பளம் 15,000, ஆள்காட்டி விரல் போய்விட்டது என்றால் சுமார் 2 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய். வைத்தியச் செலவு தனி. ஐந்தாயிரம், பத்தாயிரத்துக்கு வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடுவதற்கு முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அங்கும் விபத்து உதவி உண்டு. பதியாதவர்கள் கை நன்றாக இருக்கும்போதே பதிந்துவிடுங்கள்.

கிளவுஸ் போடாதது என் தப்புதானே, எப்படிக் கேட்பேன்?

ஈ.எஸ்.ஐ யார் தப்பு என்று கேட்டுப் பணம் தருவதில்லை. வேலையின்போது, வேலையால் ஏற்பட்டதா என்றுதான் பார்க்கும். நஷ்டஈட்டுச் சட்டத்தில், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே ஒதுக்கினார் என்று முதலாளி வாதாடலாம். ஆனால் அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். கிளவுஸ் ஆணியில் தொங்கியது, மேலே நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டினார்கள் என்றால் அது உங்கள் ஒருவர் தப்பு ஆகாது. தயங்காமல் கேளுங்கள்.

மீன் வெட்டுகிறவர்களுக்கு ஏதாவது தனியாக உண்டா?

அரிவாள்மனை வெட்டைவிட முள் குத்தின சின்னக் காயத்தில் கவனம் வேண்டும். மீன் தண்ணீரில் இருக்கும் கிருமிகள் வேகமாகப் பரவக்கூடியவை. குத்திய இடம் சிவந்து, வீங்கி, கை மேலே ஏறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சர்க்கரை நோயோ ஈரல் கோளாறோ உள்ளவர்கள் ஒரு ராத்திரிகூடக் காத்திருக்க வேண்டாம்.

திரும்ப மெஷின் முன்னால் நிற்கவே பயமா இருக்குண்ணா.

எல்லோருக்கும் இருக்கும். எனக்கு நாலு மாசம் இருந்தது. மெஷின் சத்தம் கேட்டாலே இடது கை தானாக மூடிக்கொள்ளும். அந்த நாளில் லே போடுவது, நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவது, பண்டில் கட்டுவது என்று வேறு வேலை கேட்டு வாங்குங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். ராத்திரி தூக்கத்தில் அந்த நொடி திரும்பத் திரும்ப வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு. வெட்டுப்பட்ட நுனி குளிருக்குக் கூசும், மார்கழி காலையில் எனக்கு இன்னும் வலிக்கும், கம்பளி நூலில் பின்னிய சின்ன உறை போட்டுக்கொள்வேன்.

இப்போது மெஷின் பிடிக்கும்போது என் ஸ்டீல் கிளவுஸின் நடுவிரல் நுனி காலியாகத் தொங்கும். அது துணியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, உள்பக்கமாக மடித்து நூலால் கட்டியிருக்கிறேன். புதுப் பிள்ளைகள் அந்தக் கட்டு எதற்கு என்று கேட்பார்கள். கிளவுஸைக் கழற்றிக் காட்டுவேன்.